ஊசிப் பிள்ளை, பிளாஸ்திரிப் பிள்ளை

திருப்பதியில் ஒரு மருத்துவமனையின் குறைமாதக் குழந்தைகள் பிரிவில் நான் பார்த்த வேலையை ஒரே வரியில் சொல்வதென்றால், துணி மறைப்புக்குப் பின்னால் போய்ச் சில குழந்தைகளுக்கு ஊசி போடுவது, சில குழந்தைகளுக்குப் போட்டதுபோல நடிப்பது. வாரத்துக்கு மூன்று நாள். இதற்குச் சம்பளமும் கொடுத்தார்கள். அந்த வேலையில் எனக்கு இருந்த குஷியை இன்றுவரை வேறு எந்த வேலையும் தரவில்லை. காலையில் பஸ்ஸை விட்டு இறங்கினால் வார்டுவரைக்கும் கிட்டத்தட்ட ஓடுவேன்.

தொண்ணூறுகள் முடிந்துகொண்டிருந்த காலம். என்னோடு நர்சிங் படித்தவர்களில் பாதிப் பேர் சவுதிக்கும் குவைத்துக்கும் விமானம் ஏறிக்கொண்டிருந்தார்கள். பிச்சாட்டூரில் கூலி வேலை செய்து என்னைப் படிக்க வைத்த நைனா, வாரம் தவறாமல் ஒரே கேள்வியைக் கேட்பார். "பாஸ்போர்ட்டு வந்து பெட்டிக்குள்ள தூங்கிக்கினு கீது. நீ எப்ப கெளம்பப் போறே?" எனக்குக் கிளம்ப மனமில்லை. இங்கே ஒன்றைக் கண்டுபிடிக்கப்போகிறோம், நான் அதற்கு நடுவில் நிற்கிறேன் என்கிற திமிர்தான் காரணம்.

கண்டுபிடிக்க வேண்டியது இதுதான். முன்பெல்லாம் ஒரு கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தையை எங்கள் ஊர்ப்பக்கம் துணியில் சுற்றி ஓரமாக வைத்துவிட்டு அழுவார்கள். இப்போது வெளிநாட்டிலிருந்து மூச்சு விட வைக்கும் இயந்திரங்கள் வந்துவிட்டன. அப்படிப்பட்ட குழந்தைகளும் பிழைத்தன. ஆனால் பிழைக்க வைத்த அதே காற்றும் ஆக்சிஜனும் அழுத்தமாக உள்ளே போய்ப் போய், வளர்ந்து முடியாத நுரையீரலைப் புண்ணாக்கிவிடும். அப்புறம் மாதக்கணக்கில் அந்தக் குழந்தையால் ஆக்சிஜன் குழாயை விட்டு வர முடியாது. சளி பிடித்தால் திரும்பவும் ஆஸ்பத்திரிதான். பிறந்த முதல் வாரத்திலிருந்து ஒரு வைட்டமின் ஊசியைத் தொடர்ந்து போட்டால் இதைத் தடுக்கலாம் என்று சில டாக்டர்கள் நம்பினார்கள், சிலர் நம்பவில்லை. உண்மை எது என்று பார்க்கத்தான் எங்கள் சோதனை.

பெற்றவர்கள் சம்மதித்த பிறகு ஒட்டிய உறை ஒன்றை நான் மட்டும் தனியாகப் பிரிப்பேன். உள்ளே என்ன எழுதியிருக்கிறதோ அதன்படி ஒரு குழந்தைக்கு ஊசி, இன்னொரு குழந்தைக்கு ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாத குழந்தையையும் மறைப்புக்குப் பின்னால் கொண்டுபோய், அதே நேரம் வைத்திருந்து, தொடையில் வட்டப் பிளாஸ்திரி ஒட்டிக் கொண்டுவருவேன். டாக்டருக்குத் தெரியாது, தாய்க்குத் தெரியாது, எனக்கு மட்டும் தெரியும். கர்ப்பக் கணக்குப்படி முப்பத்தாறு வாரம் நிறைகிற நாளில் டாக்டர் ஆக்சிஜனை நிறுத்திப் பார்ப்பார். குழந்தை அரை மணி நேரம் வெறும் காற்றில் மூச்சு விட்டு, ரத்தத்தில் ஆக்சிஜனைக் காட்டும் எண் தொண்ணூறுக்குக் கீழே இறங்காமல் இருந்தால் தேறிவிட்டது. இறங்கினால் நுரையீரல் பழுது என்று பெயர். எல்லாத் தாய்மாரும் அந்த ஒரு நாளுக்காகத்தான் நாள் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

உறை விஷயத்தைத் தாய்மாருக்குப் புரிய வைக்கும் பொறுப்பு என்னுடையது. பெரிய டாக்டர் தெலுங்கில் விளக்கினால் எல்லையோரத் தமிழ்ப் பெண்கள் தலையாட்டுவார்களே தவிர, ஒன்றும் ஏறாது. நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். "கோயில்ல பூ கட்டிப் பாப்போம் இல்ல? செவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளப் பூ ஒரு பொட்டலம் மடிச்சிப் போட்டு, ஒண்ணை எடுக்கச் சொல்லுவோமே, அந்த மாதிரிதான் இதுவும். எது வரும்னு யாருக்கும் தெரியாது." சொன்னவுடன் முகங்கள் தெளிந்துவிடும். பெரிய டாக்டரே என்னைக் கூப்பிட்டுப் பாராட்டினார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

இந்தக் கதையின் வில்லங்கம் முழுக்க அந்தப் பூவில்தான் ஆரம்பித்தது.

அப்போது பக்கத்துப் பக்கத்துக் கண்ணாடிப் பெட்டிகளில் இரண்டு ஆண் குழந்தைகள் இருந்தார்கள். ஒருவனுடைய தாய் நகரியில் பவர்லூம் ஓட்டுகிறவள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள், அதனால் எனக்கு நகரியக்கா. வீட்டில் கொழுகொழுவென்று இரண்டு பெண் பிள்ளைகள் உண்டு. இன்னொருவனுடைய தாய் குடுபல்லி என்கிற ஊர்ப் பெண், வயது இருபதுகூட இருக்காது. ஏற்கெனவே இரண்டு குழந்தைகளைப் பெற்றுப் பறிகொடுத்தவள். கணவன் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய்விட்டான். அங்கே அப்போது திரும்பின பக்கமெல்லாம் ஏதோ எழும்பிக்கொண்டிருந்தது. குடுபல்லிப் பெண்ணின் பிள்ளைக்கு ஊசி. நகரியக்காவின் பிள்ளைக்கு வெறும் பிளாஸ்திரி.

ஓடுகிற தறியில் ஒற்றை இழை அறுந்தால் தள்ளி நின்றே பார்த்துவிடுகிற கண் நகரியக்காவுக்கு. அவளிடம் என் பிளாஸ்திரி எத்தனை நாள் தாங்கும்? இரண்டாவது வாரமே வந்து நின்றாள்.

"இன்னா சிஸ்டரு, எம்புள்ள தொடையில குத்தின தடமே காணோம். பக்கத்துப் புள்ளைக்கு மட்டும் புள்ளி கீது?"

"பிளாஸ்திரியைப் பிரிக்கக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?" என்று எரிந்து விழுந்தேன். பதில் இல்லாதபோது எரிந்து விழுவது என் பழைய பழக்கம்.

மருந்து கேட்டுச் சண்டை போடுவாள் என்று பயந்துகொண்டிருந்தேன். அவளோ சிரித்த முகத்தோடு போனாள். எனக்குப் புரியவில்லை. சாயங்காலம் பார்த்தால், குடுபல்லிப் பெண் தண்ணீர்க் குழாயடியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறாள்.

"சாமியே சொல்லிடுச்சி சிஸ்டர். நகரியக்கா புள்ளைக்கு மருந்தே வேணாம், அது பொழைச்சிக்கும்னு வெள்ளப் பூ வந்துச்சி. எம்புள்ளைக்குத்தான் செவப்பு. அதான் ஊசி மேல ஊசியா போடறீங்க."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பூ கட்டிப் பார்ப்பது என்றால் சாமியிடம் கேள்வி கேட்பது, வருகிற பூ பதில். குருட்டாம்போக்கில் விழுவது என்று நான் சொல்ல நினைத்தேன். தெய்வத்தின் தீர்ப்பு என்று இவர்கள் சரியாகவே புரிந்துகொண்டிருந்தார்கள். மருத்துவப் புத்தகம் மட்டும் படித்தவள் யாரும் செய்யாத தப்பு. எங்கள் ஊர்க்காரிதான் செய்ய முடியும். "அது சும்மாம்மா, சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்" என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பூவைப் போயி சும்மான்னு சொல்லாதீங்க சிஸ்டர்" என்றாள். திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

அடுத்த ஊசி நாளன்று காலை வார்டுக்குள் நுழைகிறேன், கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் தவிடு சிந்திக் கிடக்கிறது. சின்னஞ்சிறு குழந்தைகள் இருக்கிற இடத்தில் தவிடு. எறும்பு வருமே என்று பொதுவாக எல்லோரையும் பார்த்துக் கத்திவிட்டுப் பெட்டிகளிடம் போனேன். முந்தின நாள் நகரியக்கா பிள்ளை இருந்த பெட்டியில் இரண்டு அட்டைகள் தொங்கின. பக்கத்துப் பெட்டியில் ஒன்றுமே இல்லை.

அட்டை என்றால் குழந்தையின் எண்ணும் தாயின் ஊரும் எழுதிய நீல அட்டை. அவ்வளவு சின்னக் குழந்தையின் காலில் பட்டி கட்டினால் தோல் உரிந்துவிடும் என்று, பெட்டியின் கைப்பிடியில் நூல் போட்டுத் தொங்கவிட்டிருந்தோம். எது யார் என்பதற்கு அது ஒன்றுதான் அடையாளம். போதாததற்கு, அன்று விடியற்காலையில்தான் பெட்டிகளைக் கழுவி, குழந்தைகளை வேறு வேறு பெட்டிக்கு மாற்றி வைத்திருந்தார்கள். இரண்டு பேருக்கும் ஒரே வெள்ளைத் தொப்பி, மூக்கில் ஒரே குழாய், ஒரே சுருங்கிய கிழட்டு முகம். எடையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. பிளாஸ்திரியைப் பிரித்துப் பார்த்தேன். என் கண்ணுக்கு இரண்டு தொடையும் ஒன்றாகத்தான் தெரிந்தது.

கையில் ஊசி மருந்து. ஆள் மாறிப் போட்டேன் என்றால் இரண்டு குழந்தைகளின் கணக்கும் பாழ், என் வேலையும் பாழ். இரண்டு தாய்மாரையும் உள்ளே இழுத்துவந்தேன்.

"உன் பிள்ளை எது?" என்று குடுபல்லிப் பெண்ணைக் கேட்டேன்.

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு, "எனக்குப் புள்ள இல்லீங்க சிஸ்டர்" என்றாள்.

"இன்னாது?"

"வித்துட்டேன்."

நகரியக்கா நெஞ்சை நிமிர்த்தி, "நான்தான் ஒரு புடி தவுடு குடுத்து வாங்கினேன். இப்ப ரெண்டும் என்னுது. அதான் நேத்து ராத்திரியே ரெண்டு அட்டையும் என் பொட்டியில கட்டினேன்" என்றாள்.

அப்போதுதான் தொட்டியடித் தவிட்டின் கதை விளங்கியது. பிள்ளை தங்காத தாய், அடுத்த பிள்ளையை ராசியான தாய்க்கு ஒரு பிடி தவிட்டுக்கு விற்றுவிடுவாள். அதன் பிறகு அது அவள் பிள்ளை இல்லை. அவளைத் தேடி வருகிற கெட்டது, பிள்ளையைக் காணாமல் திரும்பிவிடும். பெற்றவள் வளர்ப்பாள், ஆனால் ஊரார் முன்னால் என்னுடையது என்று சொல்ல மாட்டாள். எங்கள் பக்கத்திலும் இது உண்டுதான். பெட்டிக்குள் குழாயோடு இருக்கிற குழந்தையைத் தூக்கிக் கைமாற்ற முடியாது. அதனால் இவர்கள் அட்டையைக் கைமாற்றிவிட்டார்கள்.

நான் கெஞ்சினேன், மிரட்டினேன். ஒரு தடவை விரலால் காட்டினால் போதும் என்றேன். குடுபல்லிப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாளே தவிர, திரும்பவில்லை. காட்டினால் விற்றது செல்லாமல் போய்விடும். போனால் பிள்ளையும் போய்விடும். அவள் பிடிவாதம் எனக்கு ஆத்திரமாகவும் வந்தது, அழுகையாகவும் வந்தது. கடைசியில் நானும் பிச்சாட்டூர்க்காரிதானே என்று புத்தி வந்து, நகரியக்கா பக்கம் திரும்பினேன்.

"சரிக்கா, ரெண்டும் உன்னுதுதான். இதுல நீ பெத்தது எது, வாங்கினது எது?"

"அப்படிக் கேளு" என்றாள் அவள். "இது பெத்தது. இது வாங்கினது."

"புள்ளி எங்க கீது, காட்டு."

அவள் வாங்கின பிள்ளையின் தொடையில் ஒரு இடத்தில் விரலை வைத்தாள். கண்ணை ஒட்டி வைத்துப் பார்த்தபோது எனக்கும் தெரிந்தது, கடுகில் பாதி அளவுக்கு ஒரு சிவப்பு. இரண்டு சாட்சி கிடைத்துவிட்டது. குடுபல்லிப் பெண் விட்ட பெருமூச்சு எனக்குக் கேட்டது. அட்டைகளை அவரவர் பெட்டியில் கட்டிவிட்டு மறைப்புக்குப் பின்னால் போனேன். வாங்கின பிள்ளைக்கு ஊசி போட்டேன், பெற்ற பிள்ளைக்குப் பிளாஸ்திரி ஒட்டினேன்.

பெரிய டாக்டரிடம் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். பிளாஸ்திரியைப் பிரித்துப் பார்க்கிறார்கள் என்று ஆரம்பித்ததுமே, "யாருக்கு ஊசின்னு மட்டும் வாயைத் திறந்துடாதே" என்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். மிச்சத்தைக் கேட்டு முடித்து, படிவத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "ஏமம்மா, பிள்ளையைத் தவிட்டுக்கு வித்ததை இதுல எந்தக் கட்டத்துல எழுதறது?" எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவராலும் முடியவில்லை. தாய் அட்டையைத் தவறான பெட்டியில் கட்டினார், சரிசெய்யப்பட்டது என்று எழுதினோம். அன்றிலிருந்து தொப்பியிலும் எண்ணை எழுதிவிட்டோம். பூக் கதையை நிறுத்திவிட்டு கிரிக்கெட் டாஸ் கதைக்கு மாறினேன். வீட்டுக்கு வீடு டிவி வந்துவிட்ட காலமாதலால் அப்பன்மார்களுக்கு நன்றாகப் புரிந்தது. தாய்மார் பழையபடி தலையாட்டினார்கள்.

முப்பத்தாறு வாரம் முதலில் நிறைந்தது குடுபல்லிப் பிள்ளைக்கு. ஊசி ரகசியம் தெரிந்தவள் என்பதால் அந்தச் சோதனை நடக்கும்போது நான் உள்ளே இருக்கக் கூடாது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே பெட்டிக்குப் பக்கத்தில் தாயின் இடத்தில் நகரியக்கா. என்னருகே, கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குடுபல்லிப் பெண். அவளால் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. "நகரியக்கா புள்ளைக்கு இன்னா ஆவுது, சிஸ்டர்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் ரேடியோவில் மேட்ச் சொல்கிறவனைப் போல விடாமல் சொல்ல ஆரம்பித்தேன்.

"குழாயை எடுத்துட்டாரு. மெஷின்ல தொண்ணூத்தஞ்சு கீது. தொண்ணூத்தி மூணு. கையை ஆட்றான். தொண்ணூத்தி ஒண்ணு."

"எறங்குதா?"

"இரு, இரு. தொண்ணூறு. அங்கயே நிக்குது. கொட்டாவி உட்றான்மா. தொண்ணூத்தி நாலு."

அவள் நகம் என் மணிக்கட்டில் பதிந்தது. அரை மணி நேரமும் சொல்லிக்கொண்டே இருந்தேன். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துத் தலையசைத்தபோது, இருந்த இடத்திலேயே இரண்டு முறை குதித்தேன். வார்டில் குதிக்கிற நர்சை அதற்கு முன் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். நகரியக்கா உள்ளேயிருந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பெற்றவள், "அக்காவுக்கு நல்லதாப் போச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டு சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

நேரே எதிரே இருந்த எஸ்டிடி பூத்துக்கு ஓடினோம். பெங்களூரில் வேலை நடக்கிற இடத்துக்குப் பக்கத்துக் கடைக்கு போன் போட்டோம், கடைக்காரர் ஆள் அனுப்பி அவள் கணவனைக் கூப்பிட்டார். அவன் வந்ததும் அவள் சொன்னாள்:

"நகரியக்கா புள்ள தேறிடுச்சி. காத்துலயே மூச்சு உடுது."

"நம்மளுது?" என்று அவன் பதறுவது எனக்கே கேட்டது. அவள் பேச வழியில்லாமல் போனை என் கையில் திணித்தாள்.

"அண்ணா, இவ தவுட்டுக்கு வித்த புள்ளைதான் தேறிச்சு. புரிஞ்சுதா? வித்த புள்ள."

அந்தப் பக்கம் ஜல்லிக் கலவை இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு மேல் அவன் அழுவது கேட்டது.

எட்டு நாள் கழித்து நகரியக்கா பெற்ற பிள்ளையின் முறை வந்தது. குடுபல்லிப் பெண் ஊருக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லியும் போகவில்லை. குழந்தையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு என் பக்கத்தில் நின்றாள். இந்த முறை கதவைப் பார்த்து நின்றாள். எனக்குள் ஒரு கேவலமான ஆசை இருந்ததை மறைக்க விரும்பவில்லை. மருந்து வேலை செய்கிறது என்றால் ஊசி போடாதவன் தோற்க வேண்டும். அடுத்த நொடியே, அவன் ஜெயித்துவிடட்டும், மருந்து நாசமாகப் போகட்டும் என்று நினைத்தேன்.

ஏழாவது நிமிடத்தில் எண் எண்பத்து நாலுக்கு இறங்கியது. உதட்டு ஓரம் நீலமானது. டாக்டர் குழாயைத் திரும்ப மாட்டினார். அந்தப் பிள்ளை சாகவில்லை, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். இன்னும் பல வாரம் ஆக்சிஜனோடு இருந்து, இரண்டு தடவை காய்ச்சலில் எங்களைப் பதற வைத்து, பிறகு நகரிக்குப் போனான். ஆனால் அன்றைக்கு அது யாருக்கும் தெரியாது.

நகரியக்கா வெளியே வந்து என் முன்னால் நின்றாள்.

"அப்ப வெள்ளப் பூ?"

"அது பூவே இல்லக்கா. நான்தான் தப்பா சொல்லிட்டேன். சாமி ஒண்ணும் சொல்லல."

"ஊசி போட்டிருந்தா தேறியிருப்பானா?"

ஊசி போட்டேன் என்றும் நான் சொல்லவில்லை, போடவில்லை என்றும் சொல்லவில்லை. "தெரியாதுக்கா. சத்தியமா தெரியாது. ஊசி போட்டும் தேறாத புள்ள உண்டு, போடாமலே தேறின புள்ளயும் உண்டு. இந்த மாதிரி நெறைய பேரை எழுதி வெச்சிப் பாத்தாதான் ஒண்ணு சொல்ல முடியும்."

என்னை அறைந்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் கண்ணாடி வழியாகப் பிள்ளையைத் திரும்பிப் பார்த்தாள். குடுபல்லிப் பெண் நகர்ந்து வந்து அவள் தோளோடு தோள் ஒட்டி நின்றாள்.

டாக்டர் கதவைத் திறந்து, முடிவு எழுதிய தாளை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். அதைப் பார்த்துப் பதிவேட்டில் ஏற்றுவது என் வேலை. பேனாவைத் திறந்துவிட்டு எழுத முடியாமல் நின்றேன்.

"அதுல தேறலன்னும் எழுதணுமா?" என்று கேட்டாள் நகரியக்கா.

"எழுதணும்க்கா. எழுதலன்னா மொத்தமும் பொய்யாயிடும்."

"போன வாரத்துப் புள்ளைய எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பி, போன வாரத்து வரியைக் காட்டச் சொல்லி அதன்மேல் விரலை வைத்துக்கொண்டாள். பிறகு அதற்குக் கீழே காலியாக இருந்த வரியை எனக்குக் காட்டினாள்.

"ஒண்ணு தேறிச்சி, ஒண்ணு தேறல. ரெண்டும் என் புள்ளைங்கதான். எழுது."